தீக்குச்சியும் மூன்றாவது துளையும்

ஈக்காட்டுத்தாங்கல் என்ற ஊர்ப்பெயரின் பிற்பாதி தண்ணீரைச் சொல்கிறது. தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று அந்தச் சொல் நம்மைச் சுற்றிலும் இறைந்து கிடக்கிறது. ஏரி மறைந்து பெயர் மட்டும் எஞ்சிய இடங்களில் பெயரை நாம் மறந்துவிடுகிறோம், தண்ணீர் மறப்பதில்லை. 2015 டிசம்பர் முதல் இரு நாள்களில் அடையாறு கரைமீறியபோது, ஜாபர்கான்பேட்டையிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் கிண்டித் தொழிற்பேட்டையின் தாழ்வான பகுதிகளிலும் வெள்ளம் புகுந்தது. 1958-ல் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டையின் ஓரங்களில் முளைத்த லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் சேற்றில் மூழ்கின. அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் தலைக்குமேல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருந்தது.

வெள்ளம் வடிந்து மின்சாரம் திரும்பியபின், எனக்குத் தெரிந்த ஒரு சிறு பட்டறையைச் சுத்தம் செய்ய உதவப் போயிருந்தேன். இயந்திரக் குழியில் தேங்கிய நீரை இறைக்க வாடகைக்கு ஒரு பம்ப் வந்திருந்தது. அதன் வயர் குட்டையானது. பட்டறையில் கிடந்த நான்கு கம்பி கேபிள் ஒன்றை நீட்டிப்பாகப் பயன்படுத்தலாம் என்று முடிவாயிற்று. பம்பின் வயரில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் வரி என்று மூன்று நிறங்கள். கேபிளிலோ சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. உதவிக்கு இருந்த இளைஞன் தன் அறிவுக்கு எட்டியபடி சரியாகவே செய்தான். பழுப்பைச் சிவப்போடு சேர்த்தான். நீலத்தை நீலத்தோடு சேர்த்தான். மிஞ்சிய பச்சை மஞ்சளைக் கறுப்போடு முறுக்கி டேப் சுற்றினான். மறுமுனையில், போர்டுக்கு அருகில் நின்ற இன்னொருவரும் தன் அறிவுக்கு எட்டியபடி சரியாகவே செய்தார். சிவப்பு ஒரு ஃபேஸ், நீலம் இன்னொரு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இருவரும் தத்தம் வழக்கப்படி பிழை செய்யவில்லை. சுவிட்சைப் போட்டதும் 230 வோல்ட்டுக்கான பம்பின் மேல் 400 வோல்ட் பாய்ந்தது. ஓர் உறுமல், கருகிய வார்னிஷ் நாற்றம், புகை. பம்பைத் தூக்கிக் குழிக்குள் இறக்க இருந்தவர் அப்போதுதான் பீடி பற்றவைக்க வெளியே போயிருந்தார். எர்த்தாக இருக்கவேண்டிய பம்பின் உலோக உடல் நியூட்ரல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. டேப் சுற்றிய அந்த முறுக்கு சற்றே தளர்ந்திருந்தால், கருகிய சுருளின் மின்சாரம் தண்ணீரில் நிற்கும் மனிதனைத் தேடிப் போயிருக்கும்.

ஒரே நீல நிறத்துக்கு இரண்டு பொருள் எப்படி வந்தது என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. அதைத் தேடிப்போனால் கிடைப்பது ஒரு நூற்றாண்டின் வரலாறு.

நிறங்களில் தொடங்கலாம். பிரிட்டிஷ் மரபில் மூன்று ஃபேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. நம் கட்டடச் சுவர்களுக்குள் பெரும்பாலும் இன்றும் ஓடுவது இந்த மரபுதான். ஜெர்மனியின் பழைய வழக்கத்தில் எர்த் கம்பியின் நிறம் சிவப்பு. அமெரிக்காவில் கறுப்பு உயிருள்ள கம்பி, வெள்ளை நியூட்ரல். அதாவது ஒரு நாட்டில் காப்பாற்றும் நிறம் இன்னொரு நாட்டில் கொல்லும் நிறம். சாதனங்கள் எல்லை தாண்டி விற்கத் தொடங்கியபின் இது தாங்காது என்று உணர்ந்து, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நாடுகள் வளையும் வயர்களுக்கு மட்டும் ஒரு பொது ஏற்பாட்டுக்கு வந்தன. உயிருள்ள கம்பிக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த வரி. நிறக்குருடு உள்ளவர்கூட அந்த வரியைப் பிரித்தறிய முடியும் என்பது அதன் நுட்பம். அந்த ஏற்பாடு நமக்கும் வந்தது. ஆனால் சாதனத்தின் வாலுக்குத்தான் வந்தது, சுவருக்கு வரவில்லை. சுவரில் நீலம் ஃபேஸ், வாலில் நீலம் நியூட்ரல். பிரிட்டன் தன் சுவர்களின் நிறங்களை 2004-ல் மாற்றத் தொடங்கியது. நாம் இரண்டு அகராதிகளையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். இரண்டும் சந்திக்கும் இடம் எக்ஸ்டென்ஷன் வயர்.

இனி பிளக். மின்சாரம் இந்த நகரத்துக்கு வந்த தொடக்கக் காலத்தில் அதற்குப் பிளக் தேவைப்படவில்லை. 1895 மே மாதம் மதராஸில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் தரைக்கடியில் பள்ளம் வெட்டி அதில் மின்கம்பியை ஓட்டினார்கள். பிறகு கம்பி தலைக்குமேல் போயிற்று. 1953-ல் டிராம் நின்றது. வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது அது விளக்குக்காக வந்தது. விசிறியோ இஸ்திரிப் பெட்டியோ வேண்டுமென்றால், பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலிருந்தே வயர் இழுப்பது உலகெங்கும் வழக்கம். 1904-ல் அமெரிக்காவில் ஹார்வி ஹப்பெல் காப்புரிமை பெற்ற பிளக்கும்கூட விளக்கு ஹோல்டரில் திருகும் ஒரு துண்டும் அதிலிருந்து உருவி எடுக்கக்கூடிய இன்னொரு துண்டும் சேர்ந்ததுதான். ஆக, பிளக் என்பது பிறக்கும்போதே விளக்கிடமிருந்து இரவல் வாங்கியது. அதில் இரண்டு முனைகள் மட்டுமே உண்டு. மூன்றாவது இல்லை.

மூன்றாவது முனை என்ன செய்கிறது? இஸ்திரிப் பெட்டிக்குள் உயிருள்ள கம்பி அறுந்து உலோக உடலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனை பிளக்கானால் எதுவும் நடக்காது. பெட்டி சும்மா காத்திருக்கும், ஒரு கை வந்து தொடும்வரை. மூன்றாவது முனை இருந்தால் அந்தக் கணமே பெருமின்னோட்டம் எர்த் வழியாக ஓடி ஃப்யூஸை எரித்துவிடும். ஆபத்தை ஆபத்தாக உடனே வெளிக்காட்டுவதே அதன் வேலை. சாதாரண நாள்களில் அதில் எதுவும் ஓடுவதில்லை. எனவேதான் அது தேவையற்றது என்று நம்மவர்கள் முடிவு கட்டினார்கள்.

1934-ல் பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரநிர்ணயம் வெளிவந்தது. நாம் இன்றும் பயன்படுத்தும் உருண்டை முனை பிளக்கின் மூதாதை அதுதான். 2, 5, 15, 30 ஆம்பியர் என்று நான்கு அளவுகள். 5 ஆம்பியர் பிளக்கின் முனைகள் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன், இடைவெளி 19 மி.மீ. 15 ஆம்பியருக்கு 7 மி.மீ. தடிமன், 25.4 மி.மீ. இடைவெளி. பெரிய பிளக் சிறிய துளையில் நுழையாது. ஒரு சட்டத்தை எழுத்தால் சொல்லாமல் வடிவத்தால் சொல்லியிருக்கிறார்கள்; எழுதப் படிக்கத் தெரியாதவரும் மீற முடியாத சட்டம். எர்த் முனை மற்ற இரண்டைவிட நீளமானது, தடிமனானது. செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விலகும். விளக்குக்கு ஒரு சுற்று, சூடாக்கும் சாதனங்களுக்கு வேறொரு சுற்று என்ற அந்தக் காலத்துப் பிரிவினையின் எச்சமாகத்தான் 15 ஆம்பியர் துளையை இன்றும் நாம் 'பவர் பிளக்' என்கிறோம். பின்னர் இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 1293-ல் இவை 6, 16 ஆம்பியர் என்று ஆயின. கடைக்காரரின் நாவில் இன்னும் ஐந்தும் பதினைந்தும்தான்.

பிரிட்டனோ அந்த உருண்டை முனையைக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளின் மின் அமைப்பை ஆராய ஒரு குழு அமைந்தது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். மதராஸில் மின் டிராம் ஓடத் தொடங்கிய அதே 1895-ல் பிறந்தவர்; 1924-ல் தோன்றிய பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் இயக்குநர். சமையலறையிலும் தொட்டிலருகிலும் மின்சாரத்தோடு வாழப்போவது யார் என்பதை அந்தக் குழுவுக்கு நினைவூட்டியவர். குழு 1944-ல் அறிக்கை தந்தது. குழந்தையின் விரலோ குச்சியோ நுழையாதபடி துளைகளுக்குத் திரை. பிளக்கின் உள்ளேயே ஒரு ஃப்யூஸ். செம்புப் பஞ்சக் காலத்தில் செம்பை மிச்சப்படுத்த வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக ஓடும் கம்பி. இவற்றை ஒட்டிப் பிறந்த சதுர முனை பிளக்கின் தரநிர்ணயம், பி.எஸ். 1363, வெளிவந்த ஆண்டு 1947.

அந்த ஆண்டைப் பாருங்கள். மதராஸ் நகரின் மின்விநியோகத்தை அதுவரை நடத்திய தனியார் நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டதும் அதே ஆண்டுதான். ஆண்டவர்கள் தங்கள் வீட்டுக்குப் புதிய பிளக்கைப் பொருத்திக்கொள்ளத் தொடங்கிய நேரத்தில் இங்கிருந்து புறப்பட்டார்கள். பழைய பிளக் நம்மிடம் தங்கிவிட்டது. சிங்கப்பூரும் மலேயாவும் இன்னும் சில காலம் அவர்கள் கையில் இருந்தன; அங்கே சதுர முனை பரவியது. இலங்கையில் உருண்டையும் சதுரமும் நீண்டகாலம் கலந்திருந்து, அண்மை ஆண்டுகளில்தான் சதுரத்தைத் தேசியத் தரமாக்கும் முடிவு வந்தது. டர்பனில் வாழும் தமிழர் வீடுகளில் நம் பெரிய 15 ஆம்பியர் பிளக்கே அன்றாடப் பிளக். தமிழர் எங்கெல்லாம் போனார்கள் என்பதைப் போலவே, பிரிட்டிஷ்காரர் எப்போது எங்கிருந்து போனார்கள் என்பதையும் சுவரிலுள்ள துளைகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த வரலாறு அறியாமல் நாம் செய்யும் காரியங்கள் உண்டு. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரைஸ் குக்கரின் சதுர பிளக் நம் துளையில் நுழைவதில்லை. வெட்டி எறிந்துவிட்டு உருண்டை பிளக் மாட்டுகிறோம். எறிந்தது பிளக்கை மட்டுமல்ல, அதன் வயிற்றில் இருந்த ஃப்யூஸையும். அந்த மெல்லிய வயரைக் காக்கவென்றே அது அங்கே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் சாதனத்துக்கு அடாப்டர் மாட்டுகிறோம். அடாப்டர் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. சூடாக்கும் சாதனமாக இருந்தால் அதன் கம்பியில் கிட்டத்தட்ட மூன்றரை மடங்குக்கும் மேல் வெப்பம் எழும். சில நிமிடங்களில் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

அதற்கும் மேலானது நம் தீக்குச்சிக் கலாச்சாரம். திருமண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர் பிளக் இல்லாத வயரின் இரண்டு முனைகளைச் சீவித் துளையில் விட்டு, விழாமலிருக்கத் தீக்குச்சியைச் செருகி வைப்பதைப் பார்க்காதவர் நம்மில் யாருமில்லை. எர்த் முனை பட்டுத்தான் திறக்கும் திரை வைத்த நவீன சாக்கெட் வந்தபோது நாம் தோற்றுவிடவில்லை. மேல் துளையில் பேனாவை விட்டு நெம்பி, திரையைத் திறந்து, இரண்டு முனை பிளக்கைச் செருகக் கற்றுக்கொண்டோம். பெரிய பிளக் சிறிய துளையில் நுழையாது என்ற வடிவச் சட்டத்தை முறிக்க, 25 ரூபாய்க்கோ 50 ரூபாய்க்கோ கன்வெர்ட்டர் பிளக் விற்கிறது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதைக் கன்வெர்ட்டர் வழியாக 6 ஆம்பியர் பெட்டியில் மாட்டும்போது, 1934-ல் யாரோ யோசித்து எழுப்பிய சுவரில் ஓட்டை போடுகிறோம். வயரில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப உயரும். 6 ஆம்பியருக்கான வயரில் 16 ஆம்பியர் ஓடினால் வெப்பம் ஏறத்தாழ ஏழு மடங்கு. இதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட மனம் வரவில்லை. கிடைத்ததைக் கொண்டு வேலையை நடத்தும் திறமை அது. அந்தத் திறமையில்தான் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகள் எழுந்து நின்றன. ஆனால் அந்தத் திறமைக்கான விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதைக் காட்டியவர் அல்ல. பிறகு வந்து தொடுகிறவர்.

பட்டறையில் 'ஹை வோல்டேஜ்' என்று நாம் அஞ்சும் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை, 1956-ன் இந்திய மின்சார விதிகள் நடுத்தர வோல்டேஜ் என்றே வகைப்படுத்தின. 250 வோல்ட் வரை தாழ்ந்தது, 650 வரை நடுத்தரம், அதற்குமேல்தான் உயர்ந்தது. கொல்வதற்குத் தாழ்ந்ததே போதும் என்பதுதான் இதிலுள்ள கசப்பு. மூன்று ஃபேஸ் நீட்டிப்புக்கென்றே தொழிற்சாலை பிளக்குகள் உலகத் தரத்தில் இருக்கின்றன. 230 வோல்ட்டுக்கு நீல உடல், 400 வோல்ட்டுக்குச் சிவப்பு உடல். அவை ஒன்றில் ஒன்று நுழையா. எங்கள் பம்பில் நீல பிளக்கும் அந்தக் கேபிளின் முனையில் சிவப்பு சாக்கெட்டும் இருந்திருந்தால், அந்த இளைஞன் எவ்வளவு முயன்றாலும் அந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது.

எனவே எக்ஸ்டென்ஷன் வயர் கட்டுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலக்கிய வாசகர்களுக்கும் வீடு உண்டு. முதலில் சாதனத்தின் வாட் அளவை 230-ஆல் வகுத்து ஆம்பியரைக் காணவேண்டும். பிறகு பிளக், வயர், சாக்கெட் மூன்றுமே அந்த அளவைத் தாங்கவேண்டும். மூன்றில் பலவீனமானது எதுவோ அதுவே அந்த நீட்டிப்பின் உண்மையான அளவு. 6 ஆம்பியருக்கு 0.75 சதுர மி.மீ. செம்பு போதும். 16 ஆம்பியருக்குக் குறைந்தது 1.5, தூரம் நீண்டால் 2.5. எப்போதும் மூன்று கம்பி வயர்தான். முனைகள் துருத்தும் ஆண் பிளக் சுவரை நோக்கி, துளையுள்ள பெண் சாக்கெட் சாதனத்தை நோக்கி. மின்வெட்டுக் காலங்களில் ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்குள் மின்சாரம் ஏற்ற, இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய வயர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு பக்கம் செருகியவுடன் மறுபக்கம் கையில் இருப்பது திறந்த மின்சாரம். வேறெதுவும் அந்த அளவுக்குத் தயக்கமின்றி ஆளைக் கொல்லாது.

சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது எர்த் மேலே, ஃபேஸ் வலப்புறம், நியூட்ரல் இடப்புறம். பிளக்கைத் திறந்தால் எல், என் என்ற எழுத்துகளும் எர்த் குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத்தான் பின்பற்றவேண்டும், இட வலத்தை அல்ல. முனைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும். பிளக்கினுள் எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடவேண்டும். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அது கடைசியில் அறுந்து, சாகும்போதும் காக்கும். உள்ளிருக்கும் பிடி, வயரின் வெளித்தோலை இறுக்கவேண்டும்; தனிக்கம்பிகளை அல்ல. நடுவில் டேப் சுற்றிய முறுக்கு கூடாது. உருளையில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்த பிறகே பெரிய சுமை ஏற்றவேண்டும். சுற்றிய நிலையில் வெப்பம் வெளியேற வழியின்றி உருகிவிடும். பெட்டியை ஈரத்தரையில் வைக்கலாகாது. எல்லாம் முடிந்ததும், மின்சாரம் தருவதற்கு முன், ஒரு முனையின் எர்த்திலிருந்து மறுமுனையின் எர்த் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்கவேண்டும். வீட்டின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ட்ரிப்பர் இருப்பது, இத்தனை கவனத்தையும் மீறி நிகழ்வதற்கான கடைசிக் காவல். சுவரில் உள்ள நிரந்தர வேலையையும் மூன்று ஃபேஸ் இணைப்பையும் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அன்று பம்ப் கருகிய பிறகு, தெருமுனையிலிருந்து ஒரு வயதான எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு ஹோல்டரையும் பல்பையும் எடுத்து, கேபிளின் ஒவ்வொரு இணைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் பல்பு வழக்கம்போல எரிந்தது. "தம்பி, நியூட்ரல்னு நெனச்சு நீ கட்டுன நீலம் ஃபேஸுப்பா. கலரு ஊருக்கு ஊரு மாறும். லைட்டு பொய் சொல்லாது, இத நம்பு" என்றார். "சரிண்ணே" என்றான் அவன். பிறகு அவர் கேபிளின் முனைகளை வெட்டியெறிந்து, புதிய மூன்று கம்பி வயரில் பச்சை மஞ்சள் வரியை முதலில் இணைத்தார். மற்ற இரண்டும் பிறகுதான்.

பிளக்கின் வரலாறு விளக்கு ஹோல்டரில் தொடங்கியது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நினைத்தால், அந்தப் பெரியவர் கையிலிருந்த பல்பு அந்த முதல் வீட்டிலிருந்தே வந்ததுபோல் தோன்றுகிறது. சென்ற வாரம் வீட்டிலுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் நான்கையும் திறந்து பார்த்தேன். இரண்டில் பச்சைக் கம்பி எதனோடும் சேராமல் சுருண்டு கிடந்தது. அவற்றை நான்தான் கடையில் வாங்கி, இத்தனை ஆண்டுகள் திறக்காமலே பயன்படுத்தி வந்திருக்கிறேன்.